அரைப் பேரும் பத்து அழகும்

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றும் அழகுகள் பத்து என்றும் நன்னூலின் பாயிரம் வகுத்துரைக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் வரையறுத்துவைத்த இந்த இருபதையும் எமது பதினோராந்தர மாணாக்கரிற் பெரும்பாலோர் மூச்சுவிடாது ஒப்புவிப்பர். பாடத்திட்டம் கேட்டதோ இல்லையோ, நல்ல எழுத்தின் இயல்புகள் யாவையென்பதை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணத்தில் நாமே அவற்றை நெட்டுருச் செய்வித்திருந்தோம். இடையில் ஒன்று மறந்துபோயின் முதலிலிருந்து மீண்டும் தொடங்குவரேயன்றி, மறந்ததைத் தனியே தேடிக்கொள்ள அவர்களால் இயலாது. ஓசையோடு நெஞ்சிற் பதிந்தது ஓசையோடுதான் வெளியே வரும்.

2022 ஆம் ஆண்டின் இறுதித் தவணையில் ஒருநாள் இவ்வாறு பத்து அழகையும் ஒப்புவித்து எமது பாராட்டையும் பெற்ற வகுப்பு, அடுத்த பாடவேளையிலேயே எழுதித்தந்த கட்டுரைகளில் பத்துக் குற்றத்தையும் ஒன்றுகூட விடாமல் இழைத்திருந்தது.

நாம் கற்பிப்பது நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப்புறப் பாடசாலை ஒன்றில். கொடுத்த தலைப்பு 'எமது ஊர்'. எழுதியோர் 41 பேர். அவருள் 33 பேரின் கட்டுரைகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலை மலைகளோடு தொடங்கின. எண்ணிப் பார்த்தோமாதலின் இத்தொகையைத் துணிந்து கூறுகின்றோம். பதினைந்தாவது கம்பளத்தைத் தாண்டும்போது சிரிப்பு வந்தது. முப்பதாவதைத் தாண்டும்போது வரவில்லை.

பச்சைக் கம்பளம் எங்கே நின்று பார்ப்பவனுக்குத் தெரியும்? ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியிலே, வாகனத்தின் யன்னலோரத்தில் அமர்ந்திருப்பவனுக்குத் தெரியும். செடிகளுக்கு நடுவே நிற்பவளுக்குக் கம்பளம் ஏது? அவளுக்குத் தெரிவது இடுப்பளவு செடியும், படங்கையும் கிழித்துக்கொண்டு குத்தும் வாதுகளும், காலின்கீழ்ச் சரிவும், கணுக்காலில் ஏறும் அட்டையுமே. இந்தப் பிள்ளைகளின் தாய்மார் பெரும்பாலும் கொழுந்து பறிப்பவர். பிள்ளைகள் விடுமுறை நாட்களில் மலைக்குச் சோறு கொண்டுசெல்பவர். அவர்கள் பேனையை எடுத்தவுடனே தாயின் பக்கத்தை விட்டு, ஒருநாளும் தாம் அமர்ந்திராத அந்தப் பிரயாணியின் யன்னலோரத்திற் சென்று அமர்ந்துகொள்கின்றனர்.

குற்றம் பிள்ளைகளுடையதன்று. கம்பளத்தை விரித்தவர்கள் நாமே. 'சுற்றாடலைப் பேணுவோம்', 'இணையத்தின் நன்மையும் தீமையும்', 'ஒரு நாணயக் குற்றியின் சுயசரிதை' என்றிவ்வாறு பத்துப் பன்னிரண்டு மாதிரிக் கட்டுரைகளைச் சொல்லச் சொல்ல எழுதுவித்து, மனனம் செய்வித்து, பரீட்சையில் எது வரினும் அதற்கு அண்மையான ஒன்றை இறக்கி வைக்கும்படி பயிற்றுதலே எமது கட்டுரைப் பாடமாக இருந்துவந்தது. இதற்கு நியாயமும் வைத்திருந்தோம். சாதாரண தரத்தில் தாய்மொழிப் பாடம் தவறினால் உயர்தர வகுப்பின் கதவு எளிதில் திறவாது. கதவு திறவாத பிள்ளைக்குக் கொழும்பிலே ஒரு கடைச்சிப்பந்தி வேலையோ, ஒரு வீட்டின் சமையலறையோ காத்திருக்கின்றது. ஆகவே சொந்தமாக எழுதிப் பார்த்துத் தவறுவதற்கு இப்பிள்ளைகளுக்கு அவகாசம் இல்லை, கம்பளமாயினும் பாதுகாப்பான கம்பளம் என்று எம்மை நாமே சமாதானம் செய்துகொண்டோம்.

எமது பிறப்பிடம் யாழ்ப்பாணம். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று வந்தவர்கள் நாம். ஹந்தானை மலைச்சரிவின் தேயிலையை நான்காண்டு காலம் நாள்தோறும் நிமிர்ந்து பார்த்திருக்கின்றோம். அம்மலையின் லயம் ஒன்றினுள்ளே ஒருமுறையேனும் காலடி வைத்ததில்லை. விடுதியின் சாளரமும் யன்னலோரந்தான் என்பது அப்போது எமக்குத் தோன்றவில்லை.

கம்பளம் விரியாத எட்டுக் கட்டுரைகளில் ஐந்து, ஊரில் ஒரு கோயிலும் ஒரு பாடசாலையும் ஒரு வைத்தியசாலையும் உள்ளன என்ற அளவில் முடிந்தன. இரண்டு, தொடங்கிய இடத்திலேயே நின்றுபோயின. எஞ்சிய ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுத முற்பட்டோம்.

அது ஒரு மாணவி எழுதியது. வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. கடதாசித் தட்டுப்பாட்டால் அப்பியாசக் கொப்பியின் விலை ஏறியிருந்த காலமாகையால், ஒரு வரிக்கும் மறு வரிக்கும் இடைவெளி விடாமல், ஓரத்திலும் எழுதியிருந்தாள். சுருங்கச் சொல்லல் என்ற அழகை அவ்வாண்டு எமது மாணாக்கருக்குக் கற்பித்தது நன்னூலன்று, கொப்பி விலை. கட்டுரை தண்ணீர்ப் பீலியில் தொடங்கியது; மாரியம்மன் திருவிழாவுக்குத் தாவியது; அண்ணன் கொழும்புக்குப் போனதைக் கூறியது; மீண்டும் பீலிக்கு வந்தது. கடைசிப் பகுதியில், முன்பின் தொடர்பில்லாமல், இப்படி ஒரு செய்தி இருந்தது: சென்ற கிழமை ஒருநாள் அவளுடைய தாய் 20 கிலோ கொழுந்து பறித்தார்; மடுவத்தில் 3 கிலோ கழிக்கப்பட்டு 17 என்று எழுதப்பட்டது; 18 கிலோ இல்லாதபடியால் அம்மாவுக்கு அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார்கள்.

தோட்டத்து வழக்கை அறியாதவருக்குச் சிறிது விளக்குதல் வேண்டும். 'பேர்' என்பது ஒரு நாளைய வேலையும் அதற்குரிய சம்பளமும் ஆகும். காலையிலே பெரட்டுக் களத்தில் நின்று வேலைக்குப் பெயர் கொடுப்பதால் வந்த சொல் என்பர். பெரட்டு என்பதும் ஆங்கிலத்துப் 'பரேட்'டின் திரிபே. மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. காலை, பகல், மாலை என மூன்று வேளை நிறுவை நடைபெறும். சாக்கின் பாரத்துக்கும் இலையிற் படிந்த நீருக்கும் என ஒவ்வொரு நிறுவையிலும் ஓரளவு கழிப்பர். கழித்தபின் எஞ்சியது குறித்த அளவை எட்டாவிடின், நாள் முழுவதும் மலையில் நின்றவளுக்கும் பாதிச் சம்பளமே. அதுவே அரைப் பேர். நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டுமெனப் பல்லாண்டு போராடி 2021 இல் அதனைப் பெற்றபோது, பல தோட்டங்களிற் பறிக்கவேண்டிய அளவும் உடன் உயர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடையை நீக்கியது. உரம் காணாத செடி துளிர்க்க மறுத்தது. 2021 இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 250 மில்லியனாக வீழ்ந்தது. பொருளியல் அறிக்கைகளிற் காணப்படும் அந்த 50 மில்லியன் எங்கே குறைந்தது என்பதற்கு எமது மாணவியின் கொப்பியில் ஒரு கிலோ அளவுக்கு விடை இருந்தது.

இவ்வளவையும் அன்று நாம் சிந்தித்திருந்தோமாயின் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. கையில் இருந்தது சிவப்பு மைப் பேனை. 'மடுவம்' என்பதன்கீழ் ஒரு கோடிட்டோம். 'நிறுவைக் கொட்டகை' என்று மேலே எழுதினோம். 'அரைப் பேர்' என்பதன்கீழ் இரண்டு கோடிட்டோம். பேச்சு வழக்கு என்று ஓரத்திற் குறித்து, 'அரைநாட் சம்பளம்' எனத் திருத்தினோம். முப்பத்து மூன்று கம்பளங்களின்கீழ் ஒரு கோடுகூட இடவில்லை. அவை இலக்கணப்படி சரியாகவே இருந்தன.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்த அன்று, பாடம் முடிந்து ஏனையோர் வெளியேறிய பின்னரும் அவள் நின்றாள். கொப்பியை விரித்து மேசையில் வைத்தாள்.

"சேர், இது பிழையாயிருக்கு."

"எது பிள்ளை?"

"அம்மா அரை நாள் வேல செய்யல சேர். காலையில பெரட்டுக்குப் போயி அஞ்சு மணிக்குத்தான் வந்தாங்க. நாள் முழு நாள். பேருதான் அரைப் பேரு."

அவள் முறையிடவில்லை. கணக்கிலே ஒரு தவறைச் சுட்டிக்காட்டுபவளின் குரலிலேயே கூறினாள். நாமோ வாயடைத்து நின்றோம். அரைநாட் சம்பளம் என்றால் அரை நாள் வேலை செய்து பெற்ற சம்பளம் என்றே எவரும் கொள்வர். அவள் எழுதியது உண்மை. நாம் திருத்தியது பொய். அதுவும் எத்தகைய பொய்? உழைப்பைக் கொண்டு கூலியை மறுப்பவருக்கு வசதியான பொய். எந்தக் கம்பனியும் கேளாமலே, தூய தமிழின் பெயரால், ஒரு தொழிலாளியின் பிள்ளையுடைய கொப்பியில் அதனை நாம் எழுதிவைத்திருந்தோம்.

1960களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கிய உலகிலே 'மரபுப் போராட்டம்' எனப் பெயர்பெற்ற ஒரு விவாதம் நிகழ்ந்தது. கதைகளிற் பேச்சு வழக்கைக் கையாளுதலை இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சிலர் ஒதுக்கினர். முற்போக்கு எழுத்தாளரும், கைலாசபதி, சிவத்தம்பி முதலிய விமரிசகரும் மக்களின் மொழிக்காக எதிர்நின்று வாதாடினர். பல்கலைக்கழகப் பரீட்சையிலே இவ்விவாதத்தைப் பற்றி ஐந்து பக்கங்கள் எழுதியவர்கள் நாம்; முற்போக்காளர் பக்கமே நின்று எழுதி நல்ல புள்ளியும் பெற்றோம். அது மட்டுமன்று. தெளிவத்தை ஜோசப் அதே 2022 ஆம் ஆண்டிலேதான் மறைந்தார். அவர் மறைந்த கிழமை, காலைக் கூட்டத்தில் மாணாக்கர் முன் நின்று, மலையக மக்களின் மொழியை இலக்கியமாக்கிய பெருமை அவருக்கு உண்டு என்று பேசியவர்களும் நாமே. அந்தப் பேச்சைக் கேட்டு நின்ற வரிசையில் இப்பிள்ளையும் நின்றிருப்பாள். சிறுகதையிலும் நாவலிலும் வென்றுவிட்டதாக நாம் கருதும் அந்தப் போராட்டம் வகுப்பறைக் கட்டுரைக் கொப்பிக்குள் இன்னும் காலடி வைக்கவில்லை. அங்கே பண்டிதரின் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் முற்போக்குப் பத்திரிகை வாசிக்கும் ஆசிரியர்.

நன்னூலார் கூறும் அழகுகளுள் 'உலகம் மலையாமை' ஒன்று. உலக வழக்கோடு மாறுபடாதிருத்தல் என்று அதற்குப் பொருள் சொல்லிக் கொடுத்திருந்தோம். உலகம் என்பது உயர்ந்தோரைக் குறிக்கும் என்ற உரைமரபையும் சேர்த்தே சொல்லியிருந்தோம். பெரட்டுக் களத்தில் நிற்பவளுக்கு அந்த உலகத்தில் இடமுண்டா என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கச் செய்யவில்லை.

ஆயினும், பேச்சில் உள்ளதெல்லாம் நல்ல எழுத்தாகிவிடும் என்று நாம் கூற வரவில்லை. அப்படிக் கூறி மாணாக்கரைத் தட்டிக்கொடுத்து அனுப்பும் ஆசிரியர்களையும் அறிவோம். அது அன்பு போலத் தோன்றும் அலட்சியம். அவளுடைய கட்டுரையிற் குற்றங்கள் நிறைய இருந்தன. லகரமும் ளகரமும் இடம் மாறின. திருவிழாவைப் பற்றிய பகுதி மற்றொன்று விரித்தல். பீலியைப் பற்றி இருமுறை சொன்னது கூறியது கூறல். எல்லாவற்றிலும் பெரிய குற்றம், சொல்லத்தக்க செய்தியைக் கடைசிப் பகுதியிற் புதைத்துவைத்தமை. நாவலரின் உரைநடையை இன்றும் நாம் மாணாக்கருக்கு எடுத்துக்காட்டுவது இதனாலேயே. 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களை எழுதியவர், சொல்லவந்ததை முதலில் நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்வார். குறியீடுகளை இட்டு வாசிப்பவனின் மூச்சுக்கும் வழிசெய்வார். அவருடைய சாதியாசாரக் கொள்கைகளை நாம் ஏற்பதில்லை. வாக்கியத்தைத் தெளிவாக நிறுத்தும் வித்தையை அவரிடம் கற்பதில் எமக்கு வெட்கமும் இல்லை.

மறுவாரம் அவளுடைய சம்மதத்தைப் பெற்று, பெயர் கூறாமல் அந்த மூன்று வரிகளைக் கரும்பலகையில் எழுதினோம். பெயர் கூறாமை வீண்; வகுப்பு முழுவதற்கும் யாருடையதென்று தெரிந்திருந்தது. 'இதனை எப்படித் திருத்தலாம்?' என்று கேட்டோம். முதல் விடை, இதற்கு முன் ஒரு வருணனை வேண்டும் என்பது. எத்தகைய வருணனை என்று கேட்டபோது, பின்வரிசையில் ஒருவன் பச்சைக் கம்பளத்தை எடுத்தான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். கம்பளத்தை எழுதிய 33 பேரும் அந்தச் சிரிப்பிற் சேர்ந்திருந்தமை எமக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது.

பின்னர் 'கழிக்கப்பட்டது' என்ற சொல்லில் வகுப்பு வந்து நின்றது. செயப்பாட்டு வினையென்று உடனே கூறினர். இலக்கணத்தில் அவர்கள் வல்லவர்கள். செய்வினையாக மாற்றுங்கள் என்றோம். மாற்றுவதற்கு எழுவாய் வேண்டும். யார் கழித்தார்?

அதுவரை சந்தைபோல் இருந்த வகுப்பு அடங்கிப்போயிற்று. கழித்தவர் கணக்கப்பிள்ளை என்பது அனைவருக்கும் தெரியும். கணக்கப்பிள்ளையின் மகன் மூன்றாம் வரிசையில் இருக்கின்றான் என்பதும் அனைவருக்கும் தெரியும். எமக்கு மட்டுமே அக்கணத்தில் அது நினைவில் இல்லை. செயப்பாட்டு வினை தமிழில் மிகுந்ததற்கு ஆங்கிலத்தின் செல்வாக்கே காரணம் என்று பல்கலைக்கழகத்திற் படித்திருந்தோம். அச்சமும் ஒரு காரணம் என்று அந்த நிமிடம் எமக்குக் கற்பித்தது. ஆங்கிலம் அறியாத பிள்ளை, எழுவாயை மறைக்கவேண்டிய இடத்திலே அதனை மறைக்கும் வினையை மிகச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

அந்த மாணவன் தானே எழுந்தான். முகம் சிவந்திருந்தது.

"எங்கப்பா தனக்குன்னு கழிக்கல சேர். தொரை சொல்லித்தான் கழிக்கிறாரு. கழிக்காட்டி அவருக்குத்தான் ஏச்சு."

அவனை அமரச் சொல்வதா, மேலும் பேசச் சொல்வதா என்று அறியாமல் தடுமாறினோம். எம்மைக் காப்பாற்றியவள் முன்வரிசை மாணவி ஒருத்தி. "அப்ப பிறவினை சேர்" என்றாள். கழித்தார் அன்று, கழிப்பித்தார். தன்வினை பிறவினை என்னும் பாடத்தை ஆறாண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். உண்டான், உண்பித்தான் என்று எழுதுவிப்போம். பிறவினை எதற்காக மொழியில் இருக்கின்றது என்பதை ஒரு மாணவி எமக்குச் சொல்லித் தந்தது அன்றுதான். ஒருவன் கையாற் செய்வதும், மற்றொருவன் வாயாற் செய்விப்பதும் வேறுவேறு என்பதை மறவாதிருக்கவே அது இருக்கின்றது.

எழுவாயைத் தேடும் வேலையை மாணாக்கர் அத்தோடு விடவில்லை. துரைக்குச் சொன்னது யார் என்றான் ஒருவன். கம்பனி என்றான் மற்றவன். 1992 இல் அரசு தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது என்பதை வரலாற்றுப் பாடத்திலிருந்து ஒருத்தி நினைவுகூர்ந்தாள். அப்படியானால் அரசுக்குச் சொன்னது யார் என்று அவன் மீண்டும் தொடங்கும்போது மணி அடித்துவிட்டது. கரும்பலகையில் எஞ்சியிருந்த வாக்கியம் இது: துரை சொல்லிக் கணக்கப்பிள்ளை 3 கிலோ கழித்தார். நீளமில்லை, அணியில்லை, அடைமொழி ஒன்றும் இல்லை. எமது பத்தாண்டு ஆசிரிய வாழ்வில் வகுப்பு ஒன்று கூடி ஆக்கிய வாக்கியங்களுள் இதற்கு நிகரானதை நாம் கண்டதில்லை.

அதன்பின் கட்டுரைப் பாடத்தை நடத்தும் முறையைச் சிறிது மாற்றிக்கொண்டோம். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. கிழமைக்கு ஒருமுறை, கண்ணாற் கண்ட ஒன்றை மட்டும் பத்து வரிகளில் எழுதுதல் வேண்டும். யார், எங்கே, எத்தனை என்ற மூன்றுக்கும் விடை இருத்தல் வேண்டும். தோட்டத்துச் சொல்லுக்கு நிகரான நூற்சொல் கிடைத்தால் இரண்டையும் அருகருகே வைத்து எது உண்மைக்கு நெருங்கியது என்று பார்த்தல் வேண்டும். சிலவேளை நூற்சொல்லே வெல்லும். ஒருவன் 'சாமான்' என்று ஆறு இடங்களில் எழுதியிருந்தான். ஆறும் வேறுவேறு பொருள்கள். கவ்வாத்துக் கத்தியைக் கவ்வாத்துக் கத்தி என்று எழுதியதும் அவனுக்கே தன் கட்டுரை விளங்கத் தொடங்கிற்று. எழுத்துப் பிழைகள் குறையவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். சொந்தமாக எழுதுபவன், மனனம் செய்ததை எழுதுபவனைவிட அதிகம் பிழைவிடுகின்றான்.

பரீட்சை 2023 மே மாதத்தில் வந்தது. அதற்கு முதல் நாள் அந்த மாணவி வந்து, கட்டுரை வினாவுக்கு எப்படி எழுதுவது என்று கேட்டாள். விடைத்தாளைத் திருத்தப்போகும் முகமறியாத ஆசிரியரின் கையிலும் சிவப்பு மைப் பேனை இருக்கும். அவரும் எம்மைப் போன்றவராக, ஓராண்டுக்கு முந்திய எம்மைப் போன்றவராக, இருந்துவிட்டால்? எமது கொள்கைக்கு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பணயம் வைக்க மனம் வரவில்லை. மாதிரிக் கட்டுரைகளில் ஒன்றையே எழுதும்படி கூறினோம். அவள் சரியென்று தலையசைத்தாள். எதை எழுதினாள் என்று நாம் கேட்கவில்லை, அவளும் கூறவில்லை. தமிழ்ப் பாடத்தில் திறமைச் சித்தி பெற்றாள். அது கம்பளத்துக்குக் கிடைத்ததா, கழிவுக்குக் கிடைத்ததா என்பது இன்றுவரை எமக்குத் தெரியாது. இந்த அறிவுரையை நாம் கொடுத்தோம் என்பதை எழுதாமல் விட்டால் எமது வாக்கியத்திலும் எழுவாய் மறைந்துவிடும்.

பரீட்சைக்கு முன் நடந்த ஒன்றைக் கூறுவதற்கே இவ்வளவும் வந்தோம்.

வகுப்பிலே சுவர்ச் சஞ்சிகை ஒன்று உண்டு. திருத்தி எழுதிய அவளுடைய கட்டுரையை அதில் இடுவதென்று தீர்மானித்திருந்தோம். இப்போது கட்டுரை மடுவத்திலேயே தொடங்கி மடுவத்திலேயே முடிந்தது. பீலியும் திருவிழாவும் போய்விட்டன. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, மேலதிக வகுப்பு நடந்துகொண்டிருக்கையில், அவளுடைய தாய் வாயிலில் வந்து நின்றார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர் என்று முன்னர் மகள் கூறியிருந்தாள். வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருந்தார். உள்ளே வந்து அமரச் சொன்னோம், அமரவில்லை.

"பிள்ள என்னயப் பத்தி எழுதியிருக்காம். வாசிச்சுக் காட்டுங்க சேர்."

கொப்பியை எடுத்து முழுவதையும் வாசித்தோம். ஒன்றரைப் பக்கம். அவர் சுவரிற் கைவைத்தபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மடுவத்தைப் பற்றிய இடம் வந்தபோது நிமிர்ந்தார். முடிந்ததும் சிறிது நேரம் பேசவில்லை.

"இருபது கிலோ இல்ல சேர். அன்னைக்கு இருபத்திரண்டு. காலையில ஒரு கிலோ கழிச்சாங்க. பகல்ல மழை, அதுனால ரெண்டு. சாயந்திரமும் ரெண்டு. மூணு இல்ல, அஞ்சு."

மகள் 17 என்ற தொகையை மட்டுமே தாயின் வாயிலாகக் கேட்டிருந்தாள். நிறுவைக்கு ஒரு கிலோ என்ற வழக்கத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு 20 என்று எழுதியிருந்தாள். விடை ஒன்றே, கணக்கு வேறு. நாமும் வகுப்பும் ஒரு பாடவேளை முழுவதும் எழுவாயைத் தேடினோம். எண்ணைச் சரிபார்க்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

"செவுத்துல மட்டும் போட வேணாம் சேர்" என்றார் அடுத்து. "பொய்யின்னு சொல்லல. எல்லாம் உண்மதான். பிள்ள படிச்சு முடிக்கட்டும். நாங்க அங்கதானே இருக்கணும்."

நாங்கள் என்ற அந்தச் சொல்லில் நாம் அடங்கவில்லை. விடுமுறை விட்டால் யாழ்ப்பாணத்து பஸ்ஸில் ஏறிவிடுபவர்கள் நாம். இடமாற்றம் கேட்டு எழுதிய விண்ணப்பம் ஒன்றும் அப்போது எமது மேசை இழுப்பறையில் இருந்தது. துணிந்து எழுதுங்கள் என்று நாற்பத்தொரு பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு எமக்கு அதிகச் செலவு இல்லை. "சரியம்மா, போடவில்லை" என்றோம்.

அவர் கொப்பியை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். பின்பக்கத்தில் முதற் பிரதி இருந்தது. அதில் அரைப் பேர் என்பதன்கீழ் இருந்த இரண்டு சிவப்புக் கோடுகளிலே விரலை வைத்து, "இது என்ன சேர்?" என்று கேட்டார்.

"அது நான் விட்ட பிழை அம்மா."

அவருக்கு விளங்கியிராது. ஆனாலும் தலையசைத்தார். தண்ணீர் திறக்கும் நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கொப்பியை மகளிடம் கொடுத்தார். அவள் வாயிலிலேயே நின்று, கொப்பியைத் தாயின் முதுகில் வைத்து, 20 ஐ வெட்டி 22 என்றும் 3 ஐ வெட்டி 5 என்றும் எழுதினாள். எழுதி முடியும்வரை தாய் அசையாமல் நின்றார்.